கொண்டை ஊசி வளைவில் சம்பந்தி

ஜனவரி 18

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நாங்கள் சுகம். நீங்களும் தங்கச்சியும் சுகம்தானே? உங்கள் மகள் நேற்றுப் பேசினாள். அவளும் என் பையனும் நன்றாக இருக்கிறார்கள். புது வீட்டுக் குழாய் மட்டும் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறதாம்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனை எடுத்தால் என் வீட்டம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். உங்கள் வீட்டிலும் அதே கதை என்று கேள்வி. சம்பந்தியம்மாக்கள் இரண்டு பேரையும் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கார் பந்தயம் பேச முடியுமா? ஓட்டும்போது ஹெட்போனில் பேசலாம் என்றால் நம் ஆன்லைன் லீகில் உள்ள மற்றப் பத்துப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கல்யாணம் முடிந்த பிறகு நாம் இருவரும், "அங்கே மழையா? இங்கே வெயில்" என்பதைத் தாண்டிப் பேசியதே இல்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் மாட்டி ஓட்ட ஆளுக்கொரு ஸ்டீயரிங்கும் பெடலும் வாங்கித் தந்தார்கள். நல்ல காரியம் செய்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க "இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா" என்று கேட்டுக்கொண்டிருப்பவனுக்குச் சனிக்கிழமை மாலை என்று ஒன்று கிடைத்திருக்கிறது.

போன சனிக்கிழமை முதலிடம் எனக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். இது மூன்றாவது முறை. கடைசிச் சுற்றில், அதே கொண்டை ஊசி வளைவில், மறுபடியும் உங்களைத்தான் முந்தினேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் அந்த வளைவில் கொஞ்சம் பயப்படுகிறீர்கள். வளைவுக்கு முன்னால் 150, 100, 50 என்று தூரப் பலகைகள் நிற்கின்றன அல்லவா? நூறு வரும்வரை பிரேக்கைத் தொடாதீர்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். எனக்குக் "கழுகுக்கண்" என்று பையன் பெயர் வைத்தது சும்மா இல்லை.

வெற்றி மேடைப் படத்தை அச்செடுத்துக் கடையில் மாட்டியிருக்கிறேன். எழுத்துப் பலகைக்குப் பக்கத்திலேயே. கண் சோதிக்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 2

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் அன்பு. இரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தாங்கள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று மகள் சொன்னாள். தயவுசெய்து சாப்பிடவும்.

மூன்று வெற்றிகளுக்கும் வாழ்த்துகள். தங்கள் வேகம் எனக்கு வராது. வலது முட்டி கொஞ்ச நாளாக வலிக்கிறது. அதனால் கால் சற்று முன்னதாகவே பிரேக்குக்குப் போய்விடுகிறது. லிப்ட் பராமரிப்பில் முப்பது வருடம் குந்திக் குந்தி வேலை பார்த்ததற்கு முட்டி இப்போது வட்டி கேட்கிறது. லிப்ட் வேலைக்காரன் என்பதால் லீகில் எனக்கு "எட்டாம் மாடி" என்று பெயர் வைத்தவர்கள், நான் அந்த மாடிக்கு நடந்தே ஏறியவன் என்பதை அறியமாட்டார்கள்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகளைச் சொல்லவும். மகளிடம் ஏதாவது குறை தென்பட்டால் மறைக்காமல் சொல்லவும், நாங்கள் திருத்துகிறோம்.

தங்கள் அன்புள்ள,
பெண் வீட்டுச் சம்பந்தி


பிப்ரவரி 24

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

முட்டி எப்படி இருக்கிறது? எனக்குத் தலையைத் தவிர எல்லாம் சுகம். தலை கொதிக்கிறது.

சனிக்கிழமை நடந்ததற்கு முதலில் வருத்தம் தெரிவிக்கிறேன். உங்கள் கார் குட்டிக்கரணம் போட்டதைப் பார்த்து, நாற்காலியில் இருந்தபடியே "ஐயோ சம்பந்தி!" என்று கத்திவிட்டேன். சமையலறையிலிருந்து என் வீட்டம்மா ஓடி வந்து, "சம்பந்திக்கு என்னாச்சு?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் நடுவரின் தீர்ப்பு வந்துவிட்டது.

பின்னால் வந்து இடித்தவன் நான். ஆகவே குற்றவாளியும் நானே. "ஆக்ரோஷமான ஓட்டம், அடுத்தவருக்கு இடம் தராமை." மூன்று வாரம் ஓட்டக்கூடாது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. இன்னொரு புள்ளி விழுந்தால் லீகிலிருந்தே வெளியே. தீர்ப்புச் சொன்ன அம்மாள் பகலில் பள்ளி வேன் ஓட்டுகிறவராம். முப்பது குழந்தைகளை அடக்குகிறவரிடம் என் வாதம் எடுபடுமா?

ஆனால் சம்பந்தி, நான் சத்தியமாக நூறாம் பலகையில்தான் பிரேக் பிடித்தேன். எப்போதும் பிடிக்கிற இடம். மற்ற நாட்களில் பக்கவாட்டில் வருவேன், அன்று உங்கள் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டி வந்தேன். திடீரென்று உங்கள் கார் திரையளவு பெரிதாகிவிட்டது. எப்படி என்றுதான் புரியவில்லை. நான் வேகமானவன்தான், முட்டுகிறவன் இல்லை.

மார்ச் முடிவதற்குள் முறையிடலாம். இடிபட்டவர் நீங்கள். எந்த இடத்தில் பிரேக் பிடித்தீர்கள் என்று நடுவருக்கு ஒரு வரி எழுதினால் போதும், என் பெயர் சுத்தமாகும்.

எதிர்பார்ப்புடன்,
உங்கள் சம்பந்தி


மார்ச் 10

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். இங்கே ஒரு பதினான்கு மாடி அலுவலகத்தில் லிப்ட் தகராறு. ஆறாவது மாடியில் நிற்கச் சொன்னால் இரண்டடி முன்னதாகவே நின்றுவிடுகிறது. கதவு திறந்தால் தரை தெரியாது, சுவர்தான் தெரியும். உள்ளே இருப்பவர்கள் ஏறிக் குதிக்கிறார்கள். மேலே இருப்பவர்கள் இறங்கிக் குதிக்கிறார்கள். ஒரு குமாஸ்தா கால் இடறி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். பத்து நாளாக அதோடு மல்லுக்கட்டுகிறேன்.

நடுவருக்கு எழுதிவிட்டேன். எனக்குத் தங்கள் மேல் எந்த வருத்தமும் இல்லை என்றும், தாங்கள் பெருந்தன்மையானவர் என்றும், நாம் சம்பந்திகள் என்றும் விரிவாக எழுதியிருக்கிறேன்.

முட்டி பரவாயில்லை. சம்பந்தியம்மாவைப் பயமுறுத்தியதற்கு வருந்துகிறேன் என்று சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
பெண் வீட்டுச் சம்பந்தி


மார்ச் 15

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

சுகம்தானே?

நடுவர் பதில் அனுப்பியிருக்கிறார். "மன்னிப்பு வேறு, சாட்சி வேறு. இருவரும் சம்பந்திகள் என்பதற்கு வாழ்த்துகள்." அவ்வளவுதான். தண்டனை அப்படியே நிற்கிறது.

எங்கே பிரேக் பிடித்தீர்கள் என்பதுதான் நான் கேட்டது. லிப்ட் எங்கே நின்றது என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள்.

லீகில் என் பெயர் இப்போது "முட்டு மாமா". பையன் காதுக்கும் போயிருக்கிறது. முதலில் சிரித்தான், பிறகு "நிஜமாவே முட்டுனீங்களாப்பா?" என்று மெல்லக் கேட்டான். பெற்ற பிள்ளையே கேட்டால் என்ன சொல்ல? இல்லை என்று சொன்னேன். அவன் "சரிப்பா" என்றான். அந்தச் "சரிப்பா"வை நம்பினானா, என் வயதுக்காகச் சொன்னானா என்று தெரியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

ஓட்டத்தான் தடை, பார்க்கத் தடை இல்லை. பழைய பந்தயங்களின் ரீப்ளே எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.

சம்பந்தி


ஏப்ரல் 5

சம்பந்தி அவர்களுக்கு,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து பதில் இல்லை. முட்டி வலி கைக்கும் ஏறிவிட்டதோ?

ரீப்ளேயில் யாருடைய காருக்குள்ளும் உட்கார்ந்து பார்க்கலாம். யார் எப்போது பெடலை மிதித்தார்கள் என்பதைக் கீழே கோடு போட்டுக் காட்டுகிறது. பிரேக் பிடித்தால் சிவப்புக் கோடு. நான் உங்கள் காரில் உட்கார்ந்தேன். முதல் பந்தயத்திலிருந்து எல்லாவற்றையும், சுற்றுச் சுற்றாகப் பார்த்தேன்.

உங்களுக்குப் பின்னால் வேறு யாராவது வந்தால் நூறாம் பலகை தாண்டித்தான் உங்கள் சிவப்புக் கோடு எழுகிறது. என்னைவிடத் தாமதம். அத்தனை பேரிலும் தாமதம். உங்களைப் போல அந்த வளைவை எடுக்க யாருக்கும் வராது, இதை வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். ஆனால் பின்னால் வருவது நான் என்றால், நூற்றைம்பதாம் பலகைக்கும் முன்னாலேயே பிரேக் விழுகிறது. ஒரு தடவை இல்லை. ஒவ்வொரு தடவையும்.

உங்கள் முட்டி என்னைப் பார்த்தால் மட்டும்தான் வலிக்குமா?

மூன்று வெற்றியும் நீங்கள் போட்ட பிச்சை என்று இப்போது தெரிகிறது. கடையிலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். ஆணி அடித்த ஓட்டை இருக்கிறது. வருகிறவர்கள் "இங்க ஒரு படம் இருந்துச்சே" என்று கேட்கிறார்கள். பார்வை அத்தனை நன்றாக இருப்பவர்களுக்குக் கண்ணாடி எதற்கு என்று விரட்டலாம் போலிருக்கிறது.

இதை நடுவருக்கு அனுப்பினால் என் புள்ளி அழிந்துவிடும். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி விழும். அனுப்பவில்லை. மார்ச்சும் முடிந்துவிட்டது. முட்டு மாமாவாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஏன் செய்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

சம்பந்தி


ஏப்ரல் 20

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருக்க வேண்டும். முட்டிக்கு எதுவும் இல்லை. அது பொய்.

காரணம் சின்னதுதான். கல்யாணம் ஆன புதிதில் மகள் போனில் ஏதோ பேசும்போது, "மாமா சீட்டாட்டத்துல தோத்தாக்கூட ரெண்டு நாள் யாரோடயும் பேசமாட்டார்ப்பா" என்று சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பெண்ணைக் கொடுத்தவன் காதில் சிரிப்பு விழுவதில்லை, "பேசமாட்டார்" என்பது மட்டுந்தான் விழுகிறது.

முதல் பந்தயத்தில் தாங்கள் எனக்குப் பின்னால் வந்தபோது அது ஞாபகம் வந்தது. நான் ஜெயித்து, தாங்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் என் மகள் பாடு என்னாவது? ஒரு பொம்மைக் கார் பந்தயம்தானே, விட்டுக்கொடுத்தால் என் உயிரா போய்விடும் என்று கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. பிறகு அதுவே பழகிவிட்டது. தாங்கள் பக்கவாட்டில் வருகிறவரை ஆபத்தில்லை. அன்று நேர் பின்னால் வருகிறீர்கள் என்பதை நான் கண்ணாடியில் பார்க்கவில்லை.

லிப்ட் விஷயமாக அவ்வளவு நீளமாக எழுதினேன் அல்லவா? தங்கள் கேள்வியைத் தவிர்க்கத்தான் எழுதினேன். முன்னதாக நிற்கிற லிப்டைப் பழுது பார்க்கிறவன்தான் நான்.

நேற்று நடுவருக்கு எல்லாவற்றையும் எழுதி, அந்த ரீப்ளேக்களையும் அனுப்பிவிட்டேன். காலம் கடந்ததுதான். ஆனாலும் அனுப்பினேன். தங்கள் கோபத்தை என்னோடு வைத்துக்கொள்ளவும். மகளுக்கு இதில் எதுவும் தெரியாது.

தங்கள்,
பெண் வீட்டுச் சம்பந்தி


மே 2

சம்பந்தி,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. தங்கச்சியை மட்டும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நடுவர் என் புள்ளியை அழித்துவிட்டார். காரணமில்லாமல் பிரேக் பிடித்ததற்காக உங்களுக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டார். நானும் ஒன்று எழுதினேன். அந்த மூன்று வெற்றிகளையும் என் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன், எடுத்துவிட்டார். இப்போது பட்டியலில் நாம் இரண்டு பேரும் அடிமட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறோம்.

அது போகட்டும். தோற்றால் இரண்டு நாள் பேசமாட்டேன், உண்மை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், என் வீட்டம்மா அந்த இரண்டு நாளை விடுமுறை என்றே சொல்வாள். ஆனால் ஒரு பந்தயத்தில் தோற்றதற்காக என் மருமகளைக் கரித்துக்கொட்டுவேன் என்று நினைத்துவிட்டீர்களே! அதுதான் சம்பந்தி எனக்கு இறங்கவில்லை. முட்டு மாமா என்று பத்துப் பேர் சொன்னது உறைக்கவில்லை. நீங்கள் ஒருவர் என்னை அப்படிப்பட்டவனாக எண்ணி, ஒவ்வொரு சனிக்கிழமையும் பயந்து பயந்து பிரேக் பிடித்திருக்கிறீர்களே, அது உறைக்கிறது.

ஒரு விஷயம் தெரியுமா? அந்த இரண்டு நாள் மௌனத்தில் என்னைப் பேச வைக்கிற ஒரே ஆள் உங்கள் மகள்தான். தோற்ற மறுநாள் அவள் கூப்பிடுவாள். சமாதானம் எல்லாம் சொல்லமாட்டாள். "மாமா, எந்த வளைவுல?" என்று மட்டும் கேட்பாள். நான் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொல்லி முடிப்பேன். அதற்குள் காபி ஆறிவிடும், எனக்கும் ஆறிவிடும்.

ஜூன் முதல் சனிக்கிழமை லீகின் கடைசிப் பந்தயம். அதே தடம், அதே கொண்டை ஊசி. வாருங்கள். எனக்கு வழிவிட்டீர்கள் என்றால் ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டேன். நான் உங்களை முட்டினால் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு வண்டி இடம் நான் விடுவேன், நீங்களும் விடுங்கள். அதற்கு மேல் ஒரு மயிரிழை மரியாதைகூட வேண்டாம்.

உங்கள் சம்பந்தி


மே 19

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

நலம். தங்கள் தங்கச்சி சார்பில் தங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் வணக்கம்.

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எனக்காகவா தோத்தீங்க? அந்த வீட்ல நான் பயந்துட்டு இருக்கேன்னு நெனச்சிட்டே இருந்தீங்களா, இத்தனை நாளா?" என்றாள். "ஒரு தடவ என்னைக் கேட்டிருக்கலாமேப்பா" என்றாள். கேட்டிருக்கலாம்தான்.

ஆறாம் மாடி லிப்ட் சரியாகிவிட்டது. இப்போது தரைக்குத் தரை ஒட்டி நிற்கிறது.

ஜூன் முதல் சனிக்கிழமை வருகிறேன். தங்களைப் பின்னால் வைத்துக்கொண்டு நூறாம் பலகை தாண்டும்வரை காலைச் சும்மா வைத்திருக்க வேண்டும். முப்பது வருடத்தில் இவ்வளவு பயந்து எந்த வேலையும் செய்ததில்லை. இருந்தாலும் வருகிறேன்.

தங்கள்,
சம்பந்தி


ஜூன் 9

சம்பந்தி,

நீங்களும் தங்கச்சியும் சுகமாக இருப்பீர்கள், ஜெயித்த வீட்டில் சுகத்துக்கு என்ன குறை?

சனிக்கிழமையே எழுதியிருக்க வேண்டும். ஏன் எழுதவில்லை என்று உங்களுக்கே தெரியும். இரண்டு நாள் முடிந்து இன்று மூன்றாம் நாள், வாய் திறந்துவிட்டது, கையும் திறந்துவிட்டது.

நாம் இருவரும் நான்காம் இடத்துக்கு அடித்துக்கொண்டதில் முன்னால் போன மூன்று பேரும் கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விட்டார்கள். போகட்டும். கடைசிச் சுற்றில் கொண்டை ஊசிக்குப் போகும்போது நாம் பக்கத்துப் பக்கத்தில். நூற்றைம்பது போனது. உங்கள் வேகம் குறையவில்லை. நூறு போனது. நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். உங்கள் வேகம் அப்போதும் குறையவில்லை! "யோவ், பிடிய்யா!" என்று வாய்விட்டுக் கத்தினேன். வீட்டம்மா இம்முறை சமையலறையிலிருந்து வரவில்லை.

நீங்கள் உள்பக்கம் நுழைந்துவிட்டீர்கள். நானும் விடாமல் வெளிப்பக்கம் ஒட்டி வந்தேன். வளைவு முடிகிற இடத்தில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம், இத்தனூண்டு, திருப்பியிருந்தால் போதும். என் கார் உங்கள் பக்கவாட்டில் தட்டியிருக்கும், நீங்கள் புல்லில் இறங்கியிருப்பீர்கள். யாருக்கும் தெரியாது. நடுவர்கூட "இருவரும் சமம்" என்று விட்டிருப்பார். பொய் சொல்லமாட்டேன், கை அரித்தது. சொன்ன சொல்லுக்காக ஒரு வண்டி இடம் விட்டேன். அந்த இடத்தில் நீங்கள் புகுந்து போய்விட்டீர்கள். போகும்போது ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

நான்காம் இடம் உங்களுக்கு, ஐந்தாம் இடம் எனக்கு. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

நேற்று மருமகள் கூப்பிட்டாள்.

"மாமா, எந்த வளைவுல?"

"கொண்டை ஊசியிலம்மா. உங்கப்பா முந்திட்டார்."

வழக்கமாக அவள் கேள்வி அதோடு சரி, மீதியை நானே சொல்வேன். நேற்று அவளே மேலும் கேட்டாள்.

"நீங்க இடம் விட்டீங்களா மாமா?"

"விட்டேன்மா."

"அப்பா விட்டுக்கொடுத்தாரா?"

"உங்கப்பனா? ஒரு இஞ்ச் விட்டுக்கொடுக்கல."

"அப்பாடா" என்றாள். அப்படி ஒரு மூச்சு. கல்யாண நாளிலிருந்து பிடித்து வைத்திருந்ததை அப்போதுதான் விட்டவள் மாதிரி இருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, எனக்கே கண் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடிக் கடைக்காரன் வெளியில் சொல்லக்கூடிய விஷயமா இது?

கடைச் சுவரில் அந்த ஆணி ஓட்டை அப்படியே இருக்கிறது. நாம் இருவரும் கொண்டை ஊசியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற படம் ரீப்ளேயில் இருக்கிறது. அச்செடுக்கக் கொடுத்திருக்கிறேன். நடுவில் இருக்கிற இடைவெளி நன்றாகத் தெரிகிற மாதிரி பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
தோற்ற சம்பந்தி

பி.கு.: இதற்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். போன் போடுங்கள். ஸ்பீக்கரில் போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும்.